கெடிலத்துக்காரர்

(எங்கள் பம்புசெட் கடை அண்ணன் மறைந்த பிறகு, கடலூரில் நடந்த அவருடைய படத்திறப்பில் நான் பேசியது. வர முடியாத நண்பர்கள் கேட்டதால், பேசியபடியே எழுதித் தருகிறேன்.)

தலைமை ஏற்றிருக்கிற வணிகர் சங்கத் தலைவர் அவர்களே, பேத்தியின் காதுகுத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி வந்திருக்கிற செயலாளர் அவர்களே, மாமன்ற உறுப்பினர் அவர்களே, அண்ணனைக் கடைசி வரை பார்த்துக்கொண்ட டாக்டர் அவர்களே, இன்றைக்குக் கடலுக்குப் போகாமல் வந்திருக்கிற தேவனாம்பட்டினத்துச் சொந்தங்களே, இந்த மண்டபத்தை வாடகை வாங்காமல் கொடுத்த பெரியவர் அவர்களே (அவர் தன் பெயரைச் சொல்லக் கூடாது என்றார், அதனால் சொல்லவில்லை), முன்வரிசையில் இருக்கிற அண்ணி, இரண்டு பெண்பிள்ளைகள், மருமகன்கள், பேரப்பிள்ளைகள், எல்லோருக்கும் வணக்கம்.

அண்ணனைப் பற்றி மூன்று விஷயம் பேசலாம் என்று குறித்துக்கொண்டு வந்தேன். ஒன்று தொழில், இரண்டு குடும்பம், மூன்று அவருடைய ஊர் சுற்றல். ஆனால் அவர் வாயில் எந்நேரமும் இருந்த ஒரு பழமொழியைச் சொல்லாமல் எதையும் தொடங்க முடியாது. ‘ஆறில்லா ஊருக்கு அழகு பாழ்.’ பில் போடும்போதும் சொல்வார், கல்யாண வீட்டுப் பந்தியிலும் சொல்வார். கூடலூர்தானே கடலூர் ஆச்சு, ஆறுகள் கூடுற ஊருப்பா இது என்பார்.

சரி, தொழில். பைப், மோட்டார், பம்புசெட் கடை. 2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் அடித்ததே, பண்ருட்டி, காடாம்புலியூர் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்ததே, அந்த விவசாயிகளில் பாதிப் பேர் அவர் கடன் நோட்டில் இருந்தார்கள். ஒருவர் வீட்டுக்கும் அவர் ஆள் அனுப்பவில்லை. “கன்னு வச்சுக் காய்க்கட்டும், அப்புறம் குடுங்க” என்றார். முந்திரி காய்க்க எத்தனை வருஷம் என்று தெரியாமல் சொன்னவர் இல்லை.

ஒரு சம்பவம் சொல்லியே ஆக வேண்டும். மோட்டார் கம்பெனி ஒன்றின் அதிகாரி, டீலர்ஷிப் கொடுக்கலாமா என்று கடையைப் பார்க்கச் சென்னையிலிருந்து வந்தார். ஞாயிற்றுக்கிழமை. கடையில் பையன் மட்டும்தான். “முதலாளி எங்கப்பா?” “ஆத்துல இருக்காரு சார்.” குளிக்கப் போயிருக்கிறார்போல என்று அவர் அரை மணி நேரம் உட்கார்ந்தார். ஒரு டீ வந்தது. இன்னொரு அரை மணி. “எப்பப்பா வருவாரு?” “அது மீனப் பொறுத்து சார்.” கடைசியில் பையன் அவரை டிவிஎஸ் பிஃப்டியில் பின்னால் உட்கார வைத்து, கெடிலம் ஆறு கடலில் சேர்கிற முகத்துவாரத்துக்கே கூட்டிப் போய்விட்டான். இஸ்திரி போட்ட பேன்ட், பளபளவென்று ஷூ. அங்கே நம் அண்ணன் கைலியை மடித்துக் கட்டி, முழங்கால் தண்ணீரில் வீச்சு வலையோடு நிற்கிறார். திரும்பிப் பார்க்காமலே, “சார், சத்தம் போடாம அப்படியே நில்லுங்க, மடவை கூட்டமா வருது” என்றார். அந்த மனிதரும் நின்றார்! கொஞ்ச நேரத்தில் ஷூவைக் கழற்றினார், பேன்ட்டைச் சுருட்டினார், இறங்கிவிட்டார். அண்ணன் வலையை அவர் கையில் கொடுத்தார். முதல் வீச்சு அவர் தலைமேலேயே விழுந்தது, ஈயக்குண்டெல்லாம் தோளில் மாலை மாதிரி. மூன்றாவது வீச்சில் ஒரு நண்டு. ஒரே ஒரு நண்டுக்கு அவர் போட்ட சத்தம் சில்வர் பீச் வரைக்கும் கேட்டிருக்கும். கரையிலேயே கல் கூட்டிக் குழம்பு. சாயங்காலம்தான் அவருக்கு ஞாபகம் வந்தது, “சார், நான் கடையைப் பாக்கவே இல்லையே!” அண்ணன் சொன்னார், “கடை எங்க போயிடப் போகுது, தண்ணிதான் வடிஞ்சுடும்.” டீலர்ஷிப் வந்தது. அதற்குப் பிறகு அந்த அதிகாரி வருஷா வருஷம் குடும்பத்தோடு வந்தார்.

குடும்பத்தைப் பற்றி மருமகன் பேசுவார், ஒன்று மட்டும் நான் சொல்கிறேன். பெண்பிள்ளைகளை வெயிலில் விடாதே என்று சொந்தக்காரர்கள் சொன்ன காலத்தில், இரண்டு பேருக்கும் நீச்சல் கற்றுக்கொடுத்தார், பிச்சாவரத்தில் சுரபுன்னைக்கு நடுவே துடுப்புப் போட வைத்தார், பெருமாள் ஏரிக்குப் பறவை பார்க்கக் கூட்டிப் போனார். அண்ணி கட்டிக்கொடுத்த புளிச்சோறு அதில் எத்தனை பேருக்குப் போனது என்று எனக்குத் தெரியும், நானும் சாப்பிட்டவன்.

இப்போது நான் பேச வந்ததற்கு வருகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன் அதே முகத்துவாரத்தில் அவர் வலை வீசும்போது நான் பக்கத்தில் இருந்தேன். வலை கனமாக வந்தது. இழுத்துப் பார்த்தால் கேரிபேக், தெர்மாகோல், குழந்தைகளின் டயப்பர். ஒன்றும் சொல்லாமல் மணலில் உட்கார்ந்து கண்ணி கண்ணியாக எடுத்துப் போட்டார். அப்புறம் அவர் வலையைத் தொடவில்லை. ஆறில்லா ஊருக்கு அழகு பாழ் என்கிறோம், ஆறு இருந்தும் பாழாக்கினால் என்ன சொல்வது? திருவதிகையில் அப்பர் பாடிய கெடிலம் இது. திருவந்திபுரத்தில் தேவநாதர் காலடியில் ஓடுகிற கெடிலம். தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழாவுக்குச் சாமியோடு இறங்கிப் போய், சுருளிக்கிழங்கு வாங்கிக்கொண்டு வருகிறோம், மறுநாள் அதே கரையில் குப்பையைக் கொட்டுகிறோம். 2015 வெள்ளத்தையும், 2024 டிசம்பரில் பெண்ணையாறு வீட்டுக்குள் வந்ததையும் மறந்துவிட்டோமா? கரையை அடைத்தால் தண்ணீர் எங்கே போகும்? நான் ஓர் அலுவலகத்துக்கு மூன்று மனு கொடுத்தேன், மூன்றுக்கும் பதில் இல்லை. மாமன்ற உறுப்பினர் மேடையில் இருக்கிறார், நாலாவது மனுவை இங்கேயே அவர் கையில் கொடுக்கிறேன்.

அண்ணனுக்குச் சிலை வைக்கலாம் என்று சங்கத்தில் ஒரு பேச்சு இருக்கிறது. வேண்டாம். அந்தப் பணத்தில் கெடிலம் பாலத்துக்கு இரண்டு பக்கமும் கம்பிவலைத் தடுப்புப் போடுவோம், கரையில் பனை விதை ஊன்றுவோம். எனக்கு இன்று சால்வை போர்த்த வந்தவர்களிடமும் அதைத்தான் சொன்னேன்.

வரும் ஞாயிறு காலை ஆறு மணிக்குப் பாலத்தடியில் கூடுகிறோம். கையுறை, சாக்கு நான் கொண்டு வருகிறேன், மண்வெட்டி இருப்பவர்கள் எடுத்து வாருங்கள். அண்ணி அந்த வீச்சு வலையை என்னிடம் கொடுத்திருக்கிறார். நாலைந்து இடத்தில் கண்ணி அறுந்திருக்கிறது. தேவனாம்பட்டினத்துச் சொந்தங்களில் யாராவது அதைப் பின்னிக் கொடுத்தால், பேரனிடம் கொடுக்க வேண்டும், அவன் கேட்டுக்கொண்டே இருக்கிறான். வணக்கம்.