செக்ரட்டரியின் தலைக்குள் இருக்கும் காலனி

(கொழிஞ்சாம்பாறை அருகே ஒரு குடியிருப்போர் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்குழுவில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களுக்கும், முன்வரிசை காலியாகக் கிடக்கப் பின்னால் போய் உட்கார்ந்திருக்கும் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். சந்தா பாக்கியைப் பற்றிப் பேசச் சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டார்கள். அதை எடுத்தால் பாக்கி வைத்தவர்கள் மெல்ல எழுந்து போய்விடுவார்கள், ஒழுங்காகக் கட்டியவர்கள்தான் உட்கார்ந்து திட்டு வாங்குவார்கள். அதனால் வேறு இடத்திலிருந்து தொடங்குகிறேன்.

உங்கள் தெருவுக்கு அடியில் தண்ணீர்க் குழாய் எந்த வழியாகப் போகிறது? எல்லாரும் செக்ரட்டரியைப் பார்க்கிறீர்கள். அவர் மனதுக்குள் பிளம்பரை நினைத்துக்கொள்கிறார். சரி, அந்தப் பிளம்பர் கல்ஃபுக்குப் போய்விட்டால்?

நம் பக்கத்துச் சங்கங்கள் பணமில்லாமல் கெட்டதைவிட, எழுதி வைக்காமல் கெட்டதுதான் அதிகம் என்பது என் அபிப்பிராயம். காலனியின் பாதி மண்ணுக்கு அடியில் இருக்கிறது. மீதி ஒரே ஆளின் தலைக்குள் இருக்கிறது. அவர் பதவி விட்டுப் போகும்போது அதையும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்.

வால்வையே எடுத்துக்கொள்வோம். ரோட்டுக்குத் தார் போடும்போது வால்வு குழியின் மூடி மேலேயும் சேர்த்துப் போட்டுவிடுவார்கள். யாரும் கவனிப்பதில்லை. மூன்றாவது தெருவில் ஒரு குழாய் வெடித்தால், அந்தத் தெருவை மட்டும் அடைக்க வழி தெரியாமல் டேங்க் வால்வையே மூடுகிறோம். ஒரு வீட்டு வாசலில் உடைந்ததற்கு எல்லா வீட்டிலும் குடத்தைத் தூக்குகிறார்கள். அப்புறம் கடப்பாறையோடு ரோட்டைக் குத்திப் பார்ப்பது, அதில் இன்னொரு குழாய் உடைவது.

இதற்கு இன்ஜினியர் வேண்டாம். ஒரு சார்ட் பேப்பர், ஒரு அளவு டேப் போதும். ஒவ்வொரு வால்வுக்கும் அசையாத இரண்டு இடங்களிலிருந்து தூரம் அளந்து எழுதுங்கள்: டிரான்ஸ்ஃபார்மர் கம்பத்திலிருந்து இத்தனை அடி, கிணற்றுச் சுவர் மூலையிலிருந்து இத்தனை அடி. 'தென்னை மரத்துக்கு எதிரே' என்று எழுதாதீர்கள். தென்னையை வெட்டிவிட்டு அங்கே கார் ஷெட் போட்டிருப்பார்கள். பள்ளம் தோண்டும் நாளில் குழாய் திறந்து கிடக்கும்போதே செல்போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். மூடிய பிறகு வருந்திப் பயனில்லை.

அடுத்து, கசிவு. பரம்பிக்குளம் - ஆழியாறு ஒப்பந்தப்படி தமிழ்நாட்டிலிருந்து நம் சித்தூர்ப்புழை ஆற்றுக்கு வருஷத்துக்கு வர வேண்டியது 7.25 டி.எம்.சி. அந்தத் தண்ணீரை அளக்கும் மணக்கடவில் இன்றைக்கு எவ்வளவு வந்தது என்று டீக்கடையில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறோம். நம் ஓவர்ஹெட் டேங்கிலிருந்து ராத்திரி எவ்வளவு போகிறது என்று பார்ப்பதில்லை. மோட்டாரை நிறுத்திவிட்டு இரவு 12 மணிக்கு டேங்கின் நீர்மட்டத்தைக் குறியுங்கள். காலை 4 மணிக்கு மறுபடி பாருங்கள். 2 மீட்டருக்கு 2 மீட்டர் அளவுள்ள டேங்கில் 1 சென்டிமீட்டர் இறங்கினால் 40 லிட்டர். 10 சென்டிமீட்டர் இறங்கியிருந்தால் 400 லிட்டர். அந்த நேரத்தில் இத்தனை தண்ணீரை யாரும் புழங்க மாட்டார்கள். எங்கோ ஓட்டை இருக்கிறது, அல்லது யார் வீட்டுத் தொட்டியிலோ மிதவை வால்வு கெட்டிருக்கிறது. அந்த வீட்டுக்காரருக்கே தெரியாமலும் இருக்கலாம். ஆகவே சண்டைக்குப் போகாமல் போய்ப் பாருங்கள்.

போர்வெல் மோட்டாருக்கும் ஒரு நோட்டு போடுங்கள். ஸ்டார்ட்டர் பெட்டியில் ஆம்பியர் காட்டும் மீட்டர் இருக்கிறது. அதன் கண்ணாடியைக் கடைசியாகத் துடைத்தது யார் என்று நான் கேட்கப்போவதில்லை. 5 எச்.பி. த்ரீ ஃபேஸ் மோட்டார் ஏறத்தாழ 7, 8 ஆம்பியர் இழுக்கும். வாரம் ஒருமுறை எழுதி வந்தால் அதன் இயல்பு தெரிந்துவிடும். வழக்கத்தைவிட ஏறினால் பேரிங் இறுகியிருக்கலாம், வோல்டேஜ் குறைந்திருக்கலாம். நன்றாக இறங்கினால் பெரும்பாலும் அடியில் தண்ணீர் இல்லாமல் சும்மா சுற்றுகிறது. சித்தூர்ப் பகுதியில் நிலத்தடி நீரின் நிலை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கிழக்குக் காற்று வீசி முடிந்து மாசி, பங்குனி வந்தால் போர்வெல் மூச்சு வாங்கும். அந்த நேரத்தில் நோட்டைப் பார்த்து ஓட்டும் நேரத்தைக் குறைத்தால் மோட்டார் பிழைக்கும். பார்க்காவிட்டால் மோட்டாரின் கம்பிச்சுருள் கருகி ரீவைண்டிங் கடைக்குப் போகும்.

சரி, பணத்துக்கு வருவோம். பேச்சுக்கு, மோட்டார் செட் 60,000 ரூபாய், 8 வருஷம் ஓடும், 40 வீடு என்று வையுங்கள். வீட்டுக்கு மாதம் 16 ரூபாய்கூட வராது. இதை முதல் மாதத்திலிருந்தே தனிக் கணக்கில் போட்டு வந்தால் மோட்டார் எரியும் அன்று யாரும் யார் வீட்டுக் கதவையும் தட்ட வேண்டாம். நாம் செய்வதோ, எரிந்த அன்று வீட்டுக்கு 1,500 என்று கிளம்புவது. 'நான் போன மாதம்தான் வீடு வாங்கினேன், நான் ஏன் தர வேண்டும்' என்று ஒருவர் கேட்பார். அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறதே! இந்தக் கணக்கைப் பெயின்ட் அடிக்கவும் கேமரா வாங்கவும் தொடக் கூடாது என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். கேமரா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதற்கு வேறு வசூல்.

பதிவைப் பற்றி இரண்டு வார்த்தை. பாலக்காடு நகரம் பழைய மலபார் என்பதால் அங்கே சங்கங்களுக்கு 1860ஆம் ஆண்டுச் சட்டம். இந்தப் பக்கம் பழைய கொச்சி ராஜ்ஜியம், இங்கே 1955ஆம் ஆண்டு திருவிதாங்கூர் - கொச்சிச் சட்டம். அங்குள்ள நண்பரிடம் பைலாவை, அதாவது சங்க விதிகளை, வாங்கி அப்படியே காப்பி அடிக்காதீர்கள். பொதுக்குழு முடிந்ததும் புதிய நிர்வாகிகள் பட்டியலைப் பதிவாளரிடம் கொடுத்துவிடுங்கள். கொடுக்காமல் விட்டால், பேங்கில் கையெழுத்து மாற்றப் போகும்போது தலைவலி.

ரோட்டுக்கு கேட் போடலாமா என்று வரும்போதே ஒருவர் கேட்டார். ரோட்டைப் பஞ்சாயத்துக்கு எழுதிக் கொடுத்து, அது பஞ்சாயத்தின் ஆஸ்தி ரிஜிஸ்டரில் ஏறினால்தான் தாருக்கும் ஓடைக்கும் பஞ்சாயத்துப் பணம் வரும். ஏறிவிட்டால் அது ஊர் ரோடு, பூட்ட முடியாது. பஞ்சாயத்துத் தாரும் வேண்டும், சொந்த கேட்டும் வேண்டும் என்றால் நடக்காது. அக்ரஹாரத் தெருவில் ஈழவர் போன்ற சாதியினர் நடக்கலாமா என்று 1924இல் பாலக்காட்டுக் கல்பாத்தியில் நடந்த தகராறு நம் ஜில்லாவின் சரித்திரத்திலேயே இருக்கிறது. பூட்டு வாங்கும் முன் அதையும் ஒரு நிமிஷம் யோசியுங்கள் என்பது என் சொந்தக் கருத்து.

இன்னொன்று. உங்கள் நோட்டீஸ் மலையாளத்தில் மட்டும் ஒட்டியிருக்கிறது. இங்கே பல பெரியவர்களுக்குப் பேசத் தெரியும், வாசிக்கத் தெரியாது. 1969ஆம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டமே இங்குள்ள தமிழர்கள் அரசுக்குத் தமிழில் எழுத இடம் கொடுக்கிறது. காலனி நோட்டீஸ் போர்டில் இடம் இல்லையா? இரண்டிலும் ஒட்டுங்கள். நாளை முதல் தண்ணீர் நாளுக்கு ஒரு வேளை மட்டும்தான் என்பதை வாசிக்க முடியாதவர்தான் ஏமாறுவார், அப்புறம் செக்ரட்டரி வீட்டு வாசலில் நிற்பார்.

ஞாயிற்றுக்கிழமை காலை 7 மணிக்கு வால்வு தேடப் போவதாக உங்கள் செக்ரட்டரி சொல்லியிருக்கிறார். ஆரம்பத்தில் குழாய் பதித்த மேஸ்திரியும் வரச் சம்மதித்திருக்கிறார். அவருக்கு வயதாகிவிட்டது, வெயில் ஏறினால் நிற்க மாட்டார். நேரத்துக்கு வந்துவிடுங்கள். கடப்பாறை இருப்பவர்கள் எடுத்து வாருங்கள், டேப் நான் கொண்டு வருகிறேன்.