246 வருஷம் கழிச்சுத் துடிச்ச இதயம்

வணக்கம் மக்களே. இன்னிக்கு லைட் கொஞ்சம் மஞ்சளாத்தான் இருக்கும். ரிங் லைட் வயர் போயிடுச்சு, டேபிள் லேம்பை வெச்சு ஓட்டிக்கிட்டு இருக்கேன். வெயில்ல நின்னா எரிஞ்சு சாம்பலாயிடுற ஒருத்தனைப் பத்தித்தான் பேசப்போறோம், அதனால அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க.

‘ஏஞ்சல்’ சீரிஸ் பாக்க ஆரம்பிச்சிருக்கேன்னு போன வீடியோல சொன்னேன்ல. இன்னிக்கு ஒரே ஒரு எபிசோட்தான். முதல் சீசன், எட்டாவது எபிசோட், ‘ஐ வில் ரிமெம்பர் யூ’. 1999 நவம்பர் 23, செவ்வாய்க்கிழமை, அமெரிக்காவுல டபிள்யூபி சேனல்ல வந்தது. முழுக் கதையும் சொல்லப்போறேன். இத்தனை வருஷம் கழிச்சும் ஸ்பாய்லர்னு கமெண்ட்ல வந்து திட்டுறவங்க இருக்கீங்க, உங்களை எனக்குத் தெரியும். இப்பவே வீடியோவை நிறுத்திட்டுப் போயிட்டு வாங்க.

அப்புறம் ஒரு விஷயம். நான் வாம்பயர்னுதான் சொல்வேன். ரத்தக் காட்டேரின்னு சொல்லலாம், ஆனா அந்த வார்த்தையைச் சொன்னா எனக்கு எங்க பாட்டி சொன்ன கதையில வர்ற தலைவிரிகோலம்தான் ஞாபகம் வருது. லாங் கோட் போட்டுக்கிட்டு மூஞ்சைத் தொங்கப் போட்டுட்டு நடக்குற நம்ம ஹீரோ, ஏஞ்சலா நடிச்ச டேவிட் போரியனாஸ் வரவே மாட்டேங்கிறாரு.

சரி, புதுசா வர்றவங்களுக்குச் சுருக்கமா. ஏஞ்சல் பொறந்தப்போ பேரு லியாம். அயர்லாந்துல கால்வே பக்கம் குடிச்சிட்டு ஊர் சுத்திக்கிட்டு இருந்த பையன். 1753ல டார்லாங்கிற வாம்பயர் கடிச்சு, இவனும் வாம்பயர் ஆயிடுறான். நூறு வருஷத்துக்கு மேல கொலை, சித்திரவதை, எல்லாம். 1898ல ரொமேனியாவுல ஒரு ஜிப்ஸிப் பொண்ணைக் கொன்னுடுறான். அவ கூட்டத்தாரு சாபம் விடுறாங்க. என்ன சாபம் தெரியுமா? ஆன்மாவைத் திருப்பிக் கொடுத்துடுறாங்க. செஞ்சதெல்லாம் நினைச்சு நினைச்சு வேகணும், அதுதான் தண்டனை. அதுல ஒரு கண்டிஷன் வேற. ஒரு நொடி முழு சந்தோஷம் வந்துச்சுன்னா ஆன்மா திரும்பவும் போயிடும். வாம்பயர், அரக்கனையெல்லாம் வேட்டையாடுற பஃபிங்கிற பொண்ணோட இருந்த ஒரு ராத்திரியில அது நடந்தே போச்சு. அதனாலதான் அவளை விட்டுட்டு லாஸ் ஏஞ்சலீஸ் வந்து, ஆபீஸ் போட்டு, ஊர்க்காரங்க பிரச்சனையெல்லாம் தீர்த்துக்கிட்டு இருக்கான். கூட கோர்டீலியா, அப்புறம் டாய்ல். டாய்லுக்கு அப்பப்போ தலை வெடிக்கிற மாதிரி காட்சிகள் வரும், யாருக்கு என்ன ஆபத்துன்னு.

இப்போ எபிசோடுக்கு வருவோம். அன்னிக்கு ராத்திரி எட்டு மணிக்கு அவளோட சீரிஸ் ‘பஃபி’, ஒன்பது மணிக்கு ‘ஏஞ்சல்’. எட்டு மணி எபிசோட்ல இவன் பஃபி ஊருக்குப் போய், அவளுக்குத் தெரியாமலே ஒளிஞ்சு நின்னு காப்பாத்திட்டு வந்துடுறான். தேங்க்ஸ்கிவிங் சாப்பாட்டு மேசையில ஒருத்தன் உளறிடுறான், ஏஞ்சல் வந்திருந்தான்னு. அப்படியே பஃபி மூஞ்சில கட் பண்றாங்க. ஒன்பது மணிக்கு அவ நேரா இவன் ஆபீஸ்ல வந்து நிக்கிறா. சண்டை என்னன்னா, என் விஷயத்துல என்கிட்ட சொல்லாம நீ எப்படி முடிவெடுக்கலாம்? இதை ஒரு ஓரமா வெச்சுக்கோங்க, நான் திரும்ப வருவேன்.

ரெண்டு பேரும் சரி, விலகியே இருப்போம்னு பேசிக்கிட்டு இருக்கும்போதே ஜன்னலை உடைச்சுக்கிட்டு மோரான்னு ஒரு அரக்கன் உள்ள பாயுறான். நெத்தியில ஒரு கல். அடி வாங்கிட்டு ஓடுறான், இவங்க துரத்துறாங்க, ஏஞ்சல் பாதாளச் சாக்கடைக்குள்ள வெச்சு அவனைக் குத்திடுறான். அப்போ இவன் கையில இருந்த வெட்டுக்காயத்துல அவன் ரத்தம் கலந்துடுது.

இங்கதான் நான் மூணு தடவை பின்னாடி ஓட்டிப் பாத்தேன். பெரிய லைட்டு, மின்னல், ஒண்ணும் கிடையாது. ஒரு துடிப்புச் சத்தம் கேக்குது. அவனுக்கு மூச்சு வாங்குது. எங்கயோ அடிபட்டுடுச்சோன்னு பயப்படுற மாதிரி நெஞ்சுல கை வெக்கிறான். 1753ல நின்ன இதயம், 1999ல துடிக்குது. 246 வருஷம்! முகத்துல சந்தோஷமே இல்ல, வெறும் பயம். உண்மையைச் சொல்றேன், முதல் சில எபிசோட்ல போரியனாஸ் நடிப்பு எனக்கு மரக்கட்டை மாதிரிதான் பட்டுச்சு. அந்த மரக்கட்டை இந்த இடத்துல விரிசல் விடுது பாருங்க, அதுக்குக் காத்திருந்தது வீண் போகல.

அப்புறம் ஃப்ரிட்ஜைத் திறந்து சாப்பிட ஆரம்பிக்கிறான், கல்யாண வீட்டுப் பந்தியில ரெண்டாவது தடவை உக்காந்தவன் மாதிரி. வெயில்ல கால் வெக்கிறான். சாண்டா மோனிகா கடற்கரையில பட்டப்பகல்ல பஃபி நிக்கிறா, இவன் வெயில்ல நடந்து வர்றான். விளக்கமெல்லாம் கொடுக்கல. நேரா போய் முத்தம்.

அடுத்து வர்ற சமையலறை சீன் செம காமெடி. ரெண்டு பேரும் பொறுப்பான பெரியவங்க மாதிரி டீயும் பிஸ்கட்டும் வெச்சுக்கிட்டு, அவசரப்படக் கூடாது, யோசிச்சு செய்யணும்னு பேசுறாங்க. எவ்ளோ நேரம் தாங்கும்? டீ ஆறுறதுக்குள்ள முடிஞ்சுது. இப்போ மனுஷன்தானே, சாபம் ஒண்ணும் பண்ணாது. படுக்கையில உக்காந்து ஒரே டப்பாவுல ஐஸ்க்ரீம். அவன் ருசிக்கிற ருசி இருக்கே... எனக்கு நடுராத்திரியில ஐஸ்க்ரீம் வேணும்னு ஆயிடுச்சு. வீட்ல தயிர்தான் இருந்துச்சு.

சண்டைக் காட்சியை வேகமா ஓட்டிடுறேன், அது சுமார்தான். மோரா சாகல, திரும்ப முளைச்சுடுறான். டாய்லுக்குக் காட்சி வருது. உப்பு ஆலையில சண்டை. ஏஞ்சலுக்கு இப்போ பலம் இல்ல, சாதாரண ஆளு, செம அடி. பஃபி வந்து, நெத்தியில இருக்கிற கல்லை உடைக்கணும்னு கண்டுபிடிச்சு முடிச்சு வெக்கிறா. ரப்பர் முகமூடி அப்பட்டமா தெரியுது. 1999, விட்டுடுவோம்.

ஆனா ஆலைக்கு எப்படிப் போனான் பாத்தீங்களா? பக்கத்துல பஃபி தூங்கிக்கிட்டு இருக்கா. அரக்கனை அடிக்கிறதுதான் அவ வேலையே. அவளை எழுப்பாம இவன் கிளம்பிடுறான். அவகிட்ட சொல்லாம இவனே முடிவெடுக்கிறது இது ரெண்டாவது தடவை.

மூணாவது தடவைதான் பெருசு. ஊர் போஸ்ட் ஆபீஸுக்கு அடியில ஆரக்கிள்னு, தெய்வ வாக்கு சொல்ற மாதிரி ரெண்டு பேரு இருக்காங்க, அண்ணன் தங்கச்சி. உடம்பெல்லாம் நீலமும் தங்கமுமா பெயிண்ட் அடிச்சு, நாடக மேடையில நிக்கிற மாதிரி நிப்பாங்க. அவங்ககிட்டப் போய் இந்த நாளையே திருப்பி எடுத்துக்கோங்கன்னு கேக்குறான். நான் மனுஷனாவே இருந்தா அவளால என்னையும் காப்பாத்திக்கிட்டு சண்டையும் போட முடியாது, அவ செத்துடுவாள்னு. அவங்க ஒத்துக்குறாங்க. நடந்ததெல்லாம் அழிஞ்சுடும், இவனுக்கு மட்டும் ஞாபகம் இருக்கும்.

அதுக்கப்புறம்தான் வந்து பஃபிகிட்ட சொல்றான். சொல்லும்போது மிச்சம் இருக்கிறது ஒரு நிமிஷம்.

எல்லாரும் இதைத் தியாகம்னு சொல்றாங்க. எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? நிலத்தை வித்து, ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்தும் போட்டுட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து உங்க நல்லதுக்குத்தான்னு சொல்ற பெரியவரு இருப்பாரு இல்லையா, அந்த மாதிரி. அந்த நாள் அவளோடதும்தானே? கேட்டா அவ வேண்டாம்னு சொல்லுவா. அது தெரிஞ்சுதான் கேக்கல. எபிசோட் ஆரம்பத்துல அவ எதுக்குச் சண்டை போட வந்தாளோ, அதையே முடிவுல பத்து மடங்கா செஞ்சு வெக்கிறான். அவளுக்கு அது தெரியப்போறதும் இல்ல.

அவன் வேற என்ன பண்ணுவான்னு கேப்பீங்க. நியாயம். என்கிட்டயும் பதில் இல்ல. அவ செத்திருந்தா நானே அவனைத் திட்டியிருப்பேன். எழுதினவங்க டேவிட் கிரீன்வால்ட், ஜெனீன் ரென்ஷா. இவங்களுக்கு இது தெரியாம நடந்ததுன்னு நான் நம்பல. இல்லைன்னா அந்தச் சண்டையில ஏன் ஆரம்பிக்கணும்?

அந்த ஒரு நிமிஷம் பத்திச் சொல்லணும். நான் பாத்த காப்பியில சப்டைட்டில் கொஞ்சம் முன்னாடி ஓடிக்கிட்டு இருந்துச்சு. ஒரு நிமிஷம் பத்தாதுன்னு பஃபி அழுதுக்கிட்டே சொல்றதை, அவ வாயைத் திறக்குறதுக்கு முன்னாடியே நான் படிச்சிட்டேன். பஃபியா நடிச்ச சாரா மிஷெல் கெல்லர் மூஞ்சைப் பாத்துக்கிட்டு, ஐயோ இப்போ சொல்லப்போறாளேன்னு உக்காந்திருக்கேன். தெரிஞ்சும் ஒண்ணும் பண்ண முடியல, ஏஞ்சல் மாதிரியே. அவன் நெஞ்சுல கை வெச்சு, துடிப்பு தெரிஞ்சுது, மறக்கவே மாட்டேன்னு திரும்பத் திரும்பச் சொல்றா.

டக்குனு ஆபீஸ். பழைய இடம், பழைய பேச்சு. ஜன்னல் உடையுது. இந்தத் தடவை ஏஞ்சல் யோசிக்கவே இல்ல, நெத்தியில ஒரே போடு, முடிஞ்சுது. எப்படித் தெரியும்னு பஃபி கேக்குறா, படிச்சேன்னு மழுப்புறான். சரி, நான் போய் மறக்க ஆரம்பிக்கிறேங்கிற மாதிரி சொல்லிட்டுக் கிளம்பிடுறா. எதை மறக்கணுமோ அது அவகிட்ட இல்லவே இல்ல. ஏஞ்சலும் நாமளும்தான் அதைத் தூக்கிக்கிட்டு நிக்கிறோம்.

ஒரே ஒரு ஆள்கிட்ட அவன் அதை இறக்கி வெக்கிறான், அடுத்த வாரம், நவம்பர் 30 எபிசோட்ல. டாய்ல்கிட்ட. நானா இருந்தா அந்த வாழ்க்கையை விட்டுக் கொடுத்திருக்க மாட்டேங்கிற மாதிரி ஆச்சரியப்படுறான் டாய்ல். அதே எபிசோட் முடியறதுக்குள்ள, யாருன்னே தெரியாத ஒரு கப்பல் நிறைய ஜனங்களுக்காக உயிரை விட்டுடுறான். டாய்லா நடிச்ச க்ளென் க்வின் 2002 டிசம்பர்ல இறந்துட்டாரு. அதைப் படிச்ச அப்புறம் அந்த சீனைத் திரும்பப் போட எனக்கு மனசு வரல.

ஆனா போட்டுத்தான் ஆகணும், அடுத்த வீடியோ அதுதான். சப்டைட்டிலை முன்கூட்டியே சரி பண்ணிட்டு உக்காரணும். குக்கர் மூணாவது விசில் அடிச்சிடுச்சு, வரேன் மக்களே.