சின்னம்மை உங்களை விட்டுப் போகவே இல்லை!

சின்ன வயதில் சின்னம்மை வந்ததா? அப்படியென்றால் அந்த வைரஸ் இந்த நிமிடமும் உங்கள் உடம்புக்குள்தான் இருக்கிறது. வீடியோ ஓடுவதற்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே!

பின்னணியை வேகமாக முடித்துவிடுவோம். பெயர் வேரிசெல்லா ஜோஸ்டர், ஹெர்பிஸ் குடும்பம். காற்றில் வந்து மூக்கு, தொண்டைக்குள் நுழைந்து, வெள்ளையணுக்கள் மேல் சவாரி செய்து தோலுக்கு வரும். தொற்றி 10 முதல் 21 நாளில் காய்ச்சல், கொப்புளம், அரிப்பு. அப்புறம் பொருக்குத் தட்டி ஆறிவிடும்.

சரி, இப்போதுதான் எனக்குப் பிடித்த இடம்.

(திரையில்: முதுகெலும்பு, இருபுறமும் நரம்புகள்)

முதுகுத்தண்டை ஒட்டி, உணர்வு நரம்புகளின் அடியில் சின்னச் சின்ன முடிச்சுகள் இருக்கின்றன. வைரஸ் அங்கே போய்ப் பதுங்குகிறது. பெருகாது, தொந்தரவும் தராது, வாடகையும் தராது. பல பத்தாண்டுகள் கழித்து, வயதாலோ நோயாலோ எதிர்ப்பு சக்தி தளரும்போது, பெரும்பாலும் ஒரே ஒரு முடிச்சில் விழித்து, அதே நரம்பு வழியாகத் தோலுக்குத் திரும்பும். அதுதான் அக்கி.

ஒவ்வொரு முடிச்சுக்கும் தோலில் ஒரு பட்டை சொந்தம். அதனால்தான் அக்கி முதுகில் தொடங்கி விலாவைச் சுற்றி வந்து, உடம்பின் நடுக்கோட்டில் ஸ்கேல் வைத்து நிறுத்தியதுபோல் நின்றுவிடுகிறது. பாதி பெல்ட்! ஜோஸ்டர் என்ற கிரேக்கச் சொல்லுக்கே கச்சை என்றுதான் பொருள். இரண்டு முனையும் முட்டினால் உயிர் போய்விடும் என்பார்களே, அது வெறும் பேச்சு. கொப்புளத்துக்குச் சில நாள் முன்பே வலி வந்துவிடுவதால், நெஞ்சுப் பக்கம் வந்தால் மாரடைப்போ என்று பதறுபவர்களும் உண்டு.

இதைத் துப்பறிந்தவர்களில் ஒருவர் இங்கிலாந்தின் சைரன்செஸ்டரில் இருந்த குடும்ப டாக்டர் ஹோப்-சிம்ப்சன். 16 ஆண்டுகளில் தன்னிடம் வந்த 192 அக்கி நோயாளிகளைக் குறித்து வைத்து, பழைய வைரஸ்தான் விழிக்கிறது என்று 1965-இல் எழுதினார். பெரிய ஆய்வகம் எதுவும் இல்லை, பொறுமைதான். எனக்கு அவர்தான் ஹீரோ.

அக்கி உள்ளவரிடமிருந்து அக்கி தொற்றாது. ஆனால் சின்னம்மை வராத குழந்தைக்கு அவருடைய கொப்புள நீர் பட்டால் சின்னம்மை வரலாம்.

தோல் ஆறியும் வலி மாதக்கணக்கில் நீடிக்கலாம். வைரஸ் மருந்தை முதல் 72 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. கண் பக்கம் வந்தால் அன்றே டாக்டரைப் பாருங்கள். தடுப்பூசியும் இருக்கிறது.

உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ அக்கி வந்திருக்கிறதா? இடப்பக்கமா, வலப்பக்கமா? கமெண்டில் போடுங்கள், எந்தப் பக்கம் ஜெயிக்கிறது என்று எண்ணிப் பார்த்துவிடுவோம்.