ஹெம் எங்கள் வீட்டில்தான் இருந்தார்

நடுவர் அவர்களே, எதிரணியினரே, பெரியோர்களே, வணக்கம். மாற்றத்தைத் தாண்ட வைப்பது சொந்தத் துணிச்சலா, பக்கத்தில் இருப்பவர் துணையா? துணைதான்.

எதிரணித் தலைவர் ஸ்பென்சர் ஜான்சன் 1998-இல் எழுதிய சீஸ் கதையைச் சொன்னார். புதிர்ப்பாதைக்குள் இரண்டு எலி, ஹா, ஹெம் என்று இரண்டு குட்டி மனிதர்கள். சீஸ் தீர்ந்ததும் எலிகள் ஓடின. ஹா தயங்கித் தயங்கிக் கிளம்பினான். ஹெம் உட்கார்ந்தே இருந்தான். "எலிக்கு இருக்கும் சுறுசுறுப்பு இல்லாதவன் பட்டினி கிடக்கட்டும்" என்றார். கைதட்டினீர்கள். எனக்குச் சுருக்கென்றது ஐயா. அந்த ஹெம் என் அப்பா.

அப்பா அச்சகத்தில் கம்போசிட்டர், அதாவது அச்சுக்கோப்பவர். வலது கை பார்க்காமலே ஈய எழுத்தைப் பொறுக்கும். இடது கையில் அந்த எழுத்துகளை அடுக்கும் சின்னத் தட்டு, ஸ்டிக். வைத்த எழுத்து சாயாமல் கட்டைவிரல் அணைத்திருக்கும். 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்து, யானைத் தும்பிக்கை மாதிரி வளைவு போட்ட பழைய லையும் ணையும் கேஸை, அதாவது எழுத்துப் பெட்டியை, விட்டுப் போயின. சில நாளில் கை பழகிவிட்டது. இவரா சோம்பேறி?

அப்புறம் கம்ப்யூட்டர் வந்தது. கேஸே போயிற்று. ஈயத்தை எடைக்குப் போட்டார்கள். அப்பா மூன்று மாதம் திண்ணையில். அந்த இடது கையைப் பார்ப்பேன் நடுவர் அவர்களே. சும்மா இருக்கும்போதும் கட்டைவிரல் மடங்கியே இருக்கும். மறுபடி சொல்கிறேன். ஸ்டிக் இல்லை, எழுத்து இல்லை, விரல் மட்டும் பிடித்துக்கொண்டே இருந்தது!

ஒருநாள் அச்சகத்தில் கம்ப்யூட்டரில் எழுத்து அடிக்கும் டிடிபி அக்கா வாசலில் வந்து நின்றார். "மாமா, எனக்கு ஒற்றெல்லாம் விட்டுப்போகுது. புரூஃப் பார்க்க வாங்க." அப்பா போனார். சாயங்காலம் அந்த அக்கா அவர் விரலைப் பிடித்து 'க' இருக்கும் இடத்தில் வைத்தார். தலைகீழ் எழுத்தையே படித்துப் பழகிய மனிதர் திரையைப் பார்த்துச் சொன்னாராம்: "என்ன பாப்பா, எல்லாம் நேரா இருக்கு!" அதற்கப்புறம் பதினோரு வருஷம் வேலை பார்த்தார்.

எதிரணித் தலைவர் விட்டுவிட்ட பகுதியைச் சொல்கிறேன். ஹா புது சீஸ் துண்டுகளோடு ஹெம்மிடம் திரும்பி வந்தான். ஹெம் வேண்டாம் என்றான். அப்படியும் ஹா போகிற வழியெல்லாம் சுவரில் எழுதினான், பின்னால் நண்பன் வந்தால் வழி தெரியட்டும் என்று. கடைசியில் வெளியே ஏதோ சத்தம் கேட்கிறது. அது ஹெம்மாக இருக்கட்டும் என்று வேண்டுகிறான்.

எங்கள் வீட்டில் அது ஹெம்தான் ஐயா. அந்த அக்கா முன்வரிசையில் இருக்கிறார். அக்கா, கொஞ்சம் எழுந்திருங்கள். அப்பா இல்லை, நான் கும்பிடுகிறேன். எல்லோரும் அவருக்கு ஒருமுறை கைதட்டுங்கள்.