இத்தாலியத் திகில்: ரத்த வியாபாரம் அல்ல, கலைதான்!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, எல்லோருக்கும் வணக்கம். ‘இத்தாலியத் திகில் பட இயக்குநர்கள் கலைஞர்களா, ரத்த வியாபாரிகளா?’ என்பது இன்றைய தலைப்பு. எனக்கு முன்னால் பேசியவர் வெளுத்து வாங்கிவிட்டுப் போயிருக்கிறார். கதையில் தலையும் இல்லை வாலும் இல்லை, நடிப்பு மரக்கட்டை, டப்பிங் உதட்டோடு ஒட்டவில்லை, பெண்களைக் கொல்வதைத் தவிர வேறு வேலை தெரியாத கூட்டம் என்றெல்லாம் அடுக்கினார். இதில் பாதியை நான் இப்போதே ஒத்துக்கொள்கிறேன். பயப்படாதீர்கள், அணி மாறவில்லை.

டப்பிங் ஒட்டாதுதான். ஒரே காட்சியில் ஒருவர் இத்தாலிய மொழியிலும் இன்னொருவர் ஆங்கிலத்திலும் பேசி நடிப்பார்கள், குரலைப் பிற்பாடு ஸ்டுடியோவில் சேர்ப்பார்கள், அந்தக் காலத்தில் அந்த ஊர் சினிமாவுக்கே அதுதான் வழக்கம். உலகமே கலைஞர் என்று கொண்டாடும் இத்தாலிய இயக்குநர் ஃபெலினி படத்திலும் உதடு ஒட்டாது. அவரை யாராவது வியாபாரி என்றார்களா?

சரி, திகில் பட இயக்குநர் மரியோ பாவாவிடம் வருவோம். அப்பா சிற்பி, ஊமைப்பட காலத்திலேயே கேமராவும் தந்திரக் காட்சிகளும் செய்தவர். மகன் ஓவியம் பழகி, பல வருடம் ஒளிப்பதிவாளராக உழைத்து, 45 வயதைத் தாண்டிய பிறகுதான் 1960-இல் ‘பிளாக் சண்டே’ மூலம் இயக்குநராகப் பெயர் வாங்கினார். 1965-இல் ‘பிளானட் ஆஃப் தி வேம்பயர்ஸ்’ எடுக்கிறார். ஒரு முழு வேற்றுக்கிரகத்தைக் காட்ட வேண்டும், கையில் காசு இல்லை. பழைய புராணப் படம் ஒன்றில் மிஞ்சிய இரண்டு பிளாஸ்டிக் பாறைகள்தான் இருந்தன. அந்த இரண்டையும் கண்ணாடிகளில் பிரதிபலிக்க வைத்துப் பலவாகப் பெருக்கி, புகையைப் போட்டு, சிவப்பும் பச்சையுமாக விளக்கடித்து ஒரு கிரகத்தையே உண்டாக்கினார். படத்தைப் பாருங்கள், பாறை எங்கே முடிகிறது, புகை எங்கே தொடங்குகிறது என்று தெரியவே தெரியாது. அதற்கு முந்தைய வருடம் எடுத்த ‘பிளட் அண்ட் பிளாக் லேஸ்’ படத்தில் கேமரா அவ்வளவு வழுக்கிக்கொண்டு போகிறதே, அது குழந்தைகள் விளையாடும் சின்ன வண்டியின் மேல் வைத்து இழுத்தது. வியாபாரி என்றால் இந்த மெனக்கெடல் எதற்கு? இருட்டில் ஒரு கத்தியைக் காட்டினாலே டிக்கெட் விற்றுவிடுமே!

அடுத்து, கதை. இயக்குநர் தாரியோ அர்ஜென்டோவின் படங்களில் லாஜிக் இல்லை என்றார் எதிரணி நண்பர். அர்ஜென்டோ கதை எழுதத் தெரியாதவர் இல்லை. ரோமில் ஒரு பத்திரிகையில் சினிமா விமர்சகராக இருந்தவர், இயக்குநர் செர்ஜியோ லியோனியின் ‘ஒன்ஸ் அபான் எ டைம் இன் தி வெஸ்ட்’ என்ற கௌபாய் படத்தின் கதையில் இன்னொரு இயக்குநரான பெர்டோலுச்சியோடு சேர்ந்து வேலை செய்தவர். தெரிந்தேதான் கதையைப் பின்னால் தள்ளினார். அவருடைய ‘சஸ்பீரியா’, 1977, முதல் காட்சி. கதாநாயகி விமான நிலையத்தை விட்டு வெளியே வருகிறாள். தானியங்கிக் கதவு திறக்கும்போது மட்டும் காப்ளின் என்ற இசைக்குழுவின் அந்தப் பயங்கர இசை உள்ளே வருகிறது, கதவு மூடினால் நின்றுவிடுகிறது. யாரும் சாகவில்லை, பேய் வரவில்லை, ஒரு கதவுதான் திறந்து மூடுகிறது, நமக்கோ முதுகுத்தண்டு சில்லிடுகிறது! இதற்குக் கதை எதற்கு ஐயா?

அந்தப் படத்தின் நிறத்துக்கு ஒளிப்பதிவாளர் லூசியானோ டோவோலிக்கு அர்ஜென்டோ காட்டிய முன்மாதிரி, நம்புங்கள், டிஸ்னியின் கார்ட்டூன் படமான ‘ஸ்னோ ஒயிட்’. முதலில் சின்னப் பெண்களை வைத்தே எடுக்க நினைத்தார், அது நடக்கவில்லை. நடிகைகள் பெரியவர்கள் ஆனதும் கதவுகளின் கைப்பிடிகளை உயரத்தில் வைத்துவிட்டார். வளர்ந்த பெண்கள் கையை உயர்த்திக் கதவைத் திறக்கிறார்கள். ஏன் என்று நமக்குத் தெரியாது, ஆனால் குழந்தை மாட்டிக்கொண்ட மாதிரி ஒரு கலக்கம் வந்துவிடுகிறது.

அர்ஜென்டோவின் ‘டீப் ரெட்’ பார்க்காதவர்கள் அரை நிமிடம் காதைப் பொத்திக்கொள்ளுங்கள். 1975-இல் வந்தது. ஒரு பியானோக் கலைஞன் தெருவிலிருந்து ஒரு கொலையைப் பார்த்துவிட்டு மாடிக்கு ஓடுகிறான். தாழ்வாரம் முழுக்க முகங்கள் வரைந்த ஓவியங்கள். பிறகு ஏதோ ஒரு படம் குறைகிறது என்று படம் முழுக்க மண்டையை உடைத்துக்கொள்கிறான். குறைந்தது ஓவியமே இல்லை, கண்ணாடி. அதில் தெரிந்தது கொலையாளியின் முகம். அர்ஜென்டோ அந்த முகத்தை ஆரம்பத்திலேயே நமக்கும் காட்டிவிடுகிறார், ஒளிக்கவே இல்லை. நாம்தான் பார்த்தும் பார்க்கவில்லை. லாஜிக் இல்லாதவர் செய்கிற வேலையா இது?

எதிரணி நண்பர் ருஜெரோ டியோடாட்டோவின் ‘கானிபல் ஹோலோகாஸ்ட்’டை இழுத்தார். கேமராவுக்காக விலங்குகளை நிஜமாகவே கொன்ற படம் அது. அதற்கு நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை, எடுத்துக்கொண்டு போங்கள். ஆனால் அதை இன்னொரு திகில் இயக்குநரான லூசியோ ஃபுல்சி தலையில் கட்டாதீர்கள். 1971-இல் ஃபுல்சி எடுத்த ஒரு படத்தில் வயிறு கிழிந்த நாய்கள் உயிரோடு துடிக்கிற காட்சி உண்டு. நிஜ நாயைத்தான் அறுத்துவிட்டார்கள் என்று விவகாரம் நீதிமன்றம் வரை போனது. அந்த நாய்களைச் செய்த கார்லோ ரம்பால்டி பொம்மைகளைக் கொண்டுவந்து காட்டிய பிறகுதான் ஃபுல்சி தப்பித்தார். பிற்பாடு ‘ஏலியன்’, ‘ஈ.டி.’ படங்களுக்கு ஆஸ்கர் வாங்கினாரே, அதே ரம்பால்டிதான்! ஆஸ்கர் வாங்கும்போது கலை, ஃபுல்சிக்குச் செய்தால் வியாபாரமா?

பெண்கள் விஷயம். இங்கே மழுப்பக் கூடாது. கொலையை அழகாகக் காட்டும் ஆசை இந்தப் படங்களில் உண்டு, சில இடங்களில் எனக்கே பார்க்கப் பிடிப்பதில்லை. ஆனால் இந்தக் கேள்வியை முதலில் கேட்டவர் எதிரணி நண்பர் இல்லை. 1982-இல் வந்த அர்ஜென்டோவின் ‘டெனிப்ரே’யில், கொலைக் கதை எழுதும் ஒரு நாவலாசிரியரைப் பார்த்து ஒரு பெண் பத்திரிகையாளர், ஏன் பெண்களை இப்படி எழுதுகிறீர்கள் என்று முகத்துக்கு நேராகவே கேட்கிறார். தன் மேல் விழுந்த அடியைத் தன் படத்துக்குள்ளேயே வாங்கிவைத்து, கடைசியில் அந்த எழுத்தாளர் கையிலேயே ஆயுதத்தையும் கொடுத்துவிடுகிறார் அர்ஜென்டோ. கல்லாப்பெட்டியில் மட்டும் கண் வைத்தவன் தன்னையே கூண்டில் ஏற்றுவானா? அது போதுமா போதாதா என்று வாதாடலாம், வாருங்கள், அது கலையைப் பற்றிய வாதம்தான்.

இன்னொன்று. நம் வீட்டுப் பக்கமும் கொஞ்சம் பார்ப்போம். மணிவண்ணனின் ‘நூறாவது நாள்’ படத்தை 1984-இல் தமிழ்நாடே பயந்து பயந்து பார்த்ததே, நடக்கப்போகிற கொலை நளினியின் கண்ணுக்கு முன்கூட்டியே தெரியுமே, அந்தக் கரு 1977-இல் ஃபுல்சி எடுத்த படத்தில் இருந்து வந்தது. சத்யராஜின் மொட்டைத் தலை மட்டும் நம்முடையது!

மணி அடித்துவிட்டார்கள். ஃபுல்சியின் ‘தி பியாண்ட்’ பாக்கி இருக்கிறது, அதை என் அணியில் அடுத்து வருபவர் பார்த்துக்கொள்வார். நன்றி, வணக்கம்.