ஒரே பக்கத்தில் பல நீட்சிகள்: மோதாதபடி நிரலைத் திருத்தி எழுதுவது எப்படி?

வணக்கம். விளம்பரத்தைத் தடுக்க ஒன்று, கடவுச்சொல்லை நினைவில் வைக்க ஒன்று, இரவில் திரையை இருட்டாக்க ஒன்று என்று ஒரே உலாவியில் நான்கைந்து நீட்சிகள் (எக்ஸ்டென்ஷன்கள்) இருப்பது இன்று சாதாரணம். நீங்கள் எழுதும் நீட்சியும் அவற்றின் நடுவில்தான் ஓடப் போகிறது. ஆனால் எழுதும்போதும் சோதிக்கும்போதும் உங்கள் உலாவியில் அது மட்டும் தனியாக இருக்கும். அதனால்தான் மோதல் உங்கள் கண்ணில் படுவதே இல்லை.

இதில் ஓர் அநியாயமும் சேர்ந்துகொள்கிறது. உங்கள் நிரலின் கவனக்குறைவால் பல நேரங்களில் உங்கள் நீட்சி கெடாது, வேறொருவருடையது கெடும். பயனர் அவரிடம்தான் சண்டைக்குப் போவார். அவரோ தம் நிரலை வரிவரியாகத் தேடுவார். அங்கே பிழை இருந்தால்தானே கிடைக்கும்? இன்று பேசப்போகும் திருத்தங்களில் பாதி, முகம் தெரியாத அந்த நிரலாளருக்காக நாம் செய்ய வேண்டியவை.

[திரையில்: பழைய ஃபயர்ஃபாக்ஸ் சாளரம், கருவிப்பட்டை முழுக்கப் பொத்தான்கள்]

சிக்கலின் வேரைப் பார்க்கப் பழைய ஃபயர்ஃபாக்ஸுக்குப் போவோம். 2004 நவம்பரில் 1.0 பதிப்பு வந்த காலத்தில், நீட்சிகள் தங்கள் நிரலை உலாவியின் சாளரத்துக்குள்ளேயே ஏற்றின. உலாவியின் சொந்த நிரல், உங்கள் நிரல், மற்ற எல்லாருடைய நிரல் அனைத்துக்கும் பொதுவாக, பெயர்கள் புழங்கும் ஒரே பெயர்வெளி.

அமைப்புகளைப் படிப்பதற்கு 'ப்ரெஃப்ஸ்' என்று ஒரு மாறி வைத்திருக்கிறீர்கள் என்று கொள்ளுங்கள். இன்னொருவரும் அதே பெயரை வைக்கிறார். நீட்சிகள் எழுதப்படும் மொழியான ஜாவாஸ்கிரிப்ட் எச்சரிக்கவில்லை. இரண்டாவதாக ஏறியது முதலாவதை அழித்துவிட்டு அமர்ந்துகொள்கிறது. இப்போது உங்கள் மெனுவைப் பயனர் அழுத்துகிறார். உங்கள் நிரல் தன் அமைப்பைத் தேடி, இன்னொருவரின் அமைப்புகள் இருக்கும் கிளைக்குள் போகிறது. அங்கே அப்படி ஓர் அமைப்பே இல்லை. உடனே பிழை எழுந்து நிரல் அங்கேயே நின்றுவிடுகிறது. பயனருக்குத் தெரிவதெல்லாம், மெனுவை அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை என்பது மட்டும்தான்.

[திரையில்: தனித்தனியாகச் சிதறிக் கிடந்த ஃபங்க்ஷன்கள் ஒரே பெட்டிக்குள் நகர்கின்றன]

திருத்தம் எளிது. வகுப்பில் இரண்டு குமார் இருந்தால் ஆசிரியர் எஸ். குமார், ஆர். குமார் என்று இனிஷியலோடு கூப்பிடுவார் அல்லவா, அதேதான். உங்கள் நீட்சியின் பெயரில் ஒரே ஓர் ஆப்ஜெக்ட். மாறிகளும் ஃபங்க்ஷன்களும் அனைத்தும் அதற்குள். வெளியே தெரிவது அந்த ஒரு பெயர் மட்டும். பொத்தான்களின் அடையாளப் பெயர்கள், தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ் வகுப்புகள், அமைப்புகளின் கிளை எல்லாவற்றுக்கும் அதே முன்னொட்டு. ஃபயர்ஃபாக்ஸை உருவாக்கும் மொசில்லாவின் நீட்சித் தளத்தில் மதிப்பாய்வாளர்கள் இதை வலியுறுத்தினார்கள். என் பார்வையில் அது மிக நல்ல கண்டிப்பு.

இதைவிடக் கடுமையான மோதல் ஒன்று உண்டு. உலாவியின் ஃபங்க்ஷனையே மாற்றுவது. புதிய டேப் திறக்கும் ஃபங்க்ஷனை எடுத்து, அதை எழுத்துச்சரமாக மாற்றி, நடுவில் ஒரு துண்டை வெட்டி வேறொன்றை ஒட்டி, மறுபடி உயிர்ப்பிக்கும் வழக்கம் அந்தக் காலத்தில் இருந்தது. ஒரே ஒரு நீட்சி இதைச் செய்யும்வரை பிழைத்துக்கொள்ளலாம். இரண்டாவது நீட்சி வந்து தான் வெட்ட வேண்டிய துண்டைத் தேடினால், முதலாவது அதை ஏற்கெனவே மாற்றியிருக்கும். துண்டு கிடைக்காது, மாற்றமும் நடக்காது, பிழைச் செய்தியும் வராது.

இதற்கு மாற்று, உறை போடுவது. பழைய ஃபங்க்ஷனைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, உங்கள் வேலையைச் செய்துவிட்டு, வந்த எல்லா உள்ளீடுகளோடும் பழையதைக் கூப்பிடுங்கள். அது தரும் விடையை அப்படியே திருப்பிக் கொடுங்கள். இந்தக் கடைசி வரியைத்தான் பலர் மறக்கிறார்கள். திறந்த டேப்பைக் கையில் வாங்கிக்கொள்ளக் காத்திருக்கும் இன்னொரு நீட்சிக்கு வெறுங்கைதான் மிஞ்சும்.

உங்கள் நீட்சியை நிறுத்தும்போதும் கவனம் வேண்டும். உங்கள் உறைக்கு மேல் இன்னொருவர் உறை போட்டிருக்கலாம். நீங்கள் பழைய ஃபங்க்ஷனை எடுத்து அப்படியே பழைய இடத்தில் வைத்தால், அவருடைய உறையும் சேர்ந்து கழன்றுவிடும். முதலில் பாருங்கள்: இப்போது அங்கே இருப்பது உங்கள் உறைதானா? ஆம் என்றால் கழற்றலாம். இல்லை என்றால் கழற்ற வேண்டாம். உள்ளே 'வேலை செய்' என்று குறிக்கும் ஒரு மாறியை (ஃபிளாக்) 'வேண்டாம்' என்று மாற்றிவிட்டு, உறை எதையும் செய்யாமல் வந்ததை அப்படியே கடத்தும்படி விட்டுவிடுங்கள்.

நீட்சிகளுக்கு இடையே சுவரே இல்லாத இடத்தில் விபத்து மட்டும் நடப்பதில்லை. 2009 மே மாதத்தில், பக்கங்களின் ஸ்கிரிப்டுகளைத் தடுக்கும் நோஸ்கிரிப்ட் நீட்சி தன் புதுப்பிப்பு ஒன்றின் வழியாக, விளம்பரம் தடுக்கும் ஆட்பிளாக் பிளஸின் செயல்பாட்டிலேயே கைவைத்தது வெளியே வந்து பெரும் எதிர்ப்பு கிளம்பியது. நோஸ்கிரிப்டை எழுதியவர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்.

[திரையில்: ஒரு வலைப்பக்கம், அதன் மேல் தனித்தனிக் கண்ணாடி அடுக்குகள்]

அதே 2009 டிசம்பரில் குரோம் நீட்சிகளை வேறு அடித்தளத்தில் கொண்டுவந்தது. பக்கத்தில் ஓடும் ஒவ்வொரு நீட்சியின் ஸ்கிரிப்டுக்கும் தனி ஜாவாஸ்கிரிப்ட் உலகம். 2017 நவம்பர் 14 அன்று வெளியான ஃபயர்ஃபாக்ஸ் 57 பழைய பாதையை முழுவதுமாக மூடியது. மாறிப் பெயர்கள் மோதும் கதை பெரும்பாலும் அத்தோடு முடிந்தது.

ஆனால் சுவர் பிரித்தது நிரலைத்தான். பக்கம் இன்னமும் பொதுச்சொத்து. பக்கத்தின் உறுப்புகளை உலாவி அடுக்கிவைக்கும் டாம் மரம் ஒன்றே, எல்லாருடைய சிஎஸ்எஸ் விதிகளும் அதன்மேல்தான் விழுகின்றன.

எல்லாவற்றுக்கும் மேலே தன் பெட்டி தெரிய வேண்டும் என்று ஒருவர், எது மேலே நிற்கும் என்று தீர்மானிக்கும் ஸி-இண்டெக்ஸில் 2147483647 என்று எழுதுகிறார். கூட்டல், கழித்தல் குறியோடு 32 பிட்டில் அடங்கும் மிகப் பெரிய முழு எண் அது. இன்னொருவரும் அதையே எழுதினால் எண் போட்டி முடிந்துபோய், டாம் மரத்தில் பின்னால் வந்தவர் மேலே நிற்பார். அந்தப் போட்டியில் இறங்காதீர்கள். பயனர் கேட்கும்போது மட்டும் காட்டுங்கள், மூடும் வழியைக் கையெட்டும் தூரத்தில் வையுங்கள். உங்கள் பெட்டியை, தனியே பிரிந்த உள்மரமான ஷேடோ டாமுக்குள் கட்டினால், உங்கள் பாணி வெளியே கசியாது, பக்கத்தின் பாணி விதிகளும் உள்ளே இருப்பவற்றைத் தொடாது. ஒன்று மட்டும்: எழுத்துரு, நிறம் போன்ற மரபுரிமைப் பண்புகள் அந்த எல்லையையும் கடந்து உள்ளே வரும். வெளிக்கூட்டில் அவற்றை ஒருமுறை துடைத்துவிடுங்கள்.

இன்றைய மோதல்களில் எனக்கு மிகவும் கவலை தருவது வேறு. பக்கம் மாறும்போதெல்லாம் தகவல் சொல்லும் 'மியூட்டேஷன் அப்சர்வர்' எல்லாருக்கும் பிடித்த கருவி. ஒரு நீட்சி பின்னணியைக் கறுப்பாக்குகிறது. இன்னொன்று படிக்க வசதியாக இருக்கட்டும் என்று வெளுப்பாக்குகிறது. முதலாவது அந்த மாற்றத்தைக் கண்டு மறுபடி கறுப்பாக்குகிறது. யாரும் நிறுத்தாவிட்டால் பக்கம் உறையும், மின்விசிறி இரையும், பயனர் அந்த வலைத்தளத்தைக் குறை சொல்வார். நீங்கள் எழுதும் முன் கண்காணிப்பை நிறுத்தி, எழுதிவிட்டு மறுபடி தொடங்கினால் உங்கள் மாற்றமே உங்களைத் தூண்டாது. இன்னொருவரின் மாற்றத்துக்கு அது போதாது. ஒரே இடத்தில் உங்கள் மாற்றம் சில முறை அழிக்கப்பட்டால், அந்த இடத்தை விட்டுவிடும்படி நிரலில் ஒரு வரம்பு வையுங்கள்.

சில மோதல்களில் உலாவியே தீர்ப்புச் சொல்லிவிடும். உலாவி தளத்துக்கு அனுப்பும் ஒரே கோரிக்கையின் தலைப்பை (ஹெட்டர்) இரண்டு நீட்சிகள் மாற்ற முயன்றால், கோரிக்கைகளைக் கவனிக்கும் வெப்ரிக்வெஸ்ட் வசதி பற்றிய குரோமின் ஆவணத்தின்படி கடைசியாக நிறுவப்பட்டதே வெல்லும். குறுக்குவிசையில் கதை நேர்மாறு. நீங்கள் கேட்கும் விசையை வேறொரு நீட்சி முன்பே எடுத்திருந்தால் உங்களுக்குக் கிடைக்காது, எச்சரிக்கையும் வராது. ஆகவே நிறுவிய உடனே எந்தக் கட்டளைக்கு விசை கிடைத்தது, எதற்குக் கிடைக்கவில்லை என்று நிரலிலேயே பார்த்து, விடுபட்டதைப் பயனரிடம் சொல்லுங்கள்.

[திரையில்: புதிய சுயவிவரம், காலியான கருவிப்பட்டை]

சோதனைக்கு உலாவியில் புதிய சுயவிவரம் (புரொஃபைல்) ஒன்றைத் திறந்து, பரவலாகப் பயன்படும் சில நீட்சிகளை முதலில் நிறுவி, கடைசியாக உங்களுடையதைச் சேருங்கள். பிறகு இன்னொரு சுயவிவரத்தில் உங்களுடையதை முதலில் நிறுவுங்கள். இரண்டிலும் பக்கம் திறந்திருக்கும்போதே ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள், உங்களுடையதையும் சேர்த்து.