சேற்றில் நின்ற சிகாகோ

அவைத் தலைவர் அவர்களே, வரலாற்றில் நாட்டம் கொண்டு வந்திருக்கும் நண்பர்களே, வணக்கம்.

சிகாகோ என்றதும் நம்மவர் நினைவுக்கு முதலில் வருவது 1893-இல் விவேகானந்தர் நின்று பேசிய மேடை. அதற்கு அடுத்தபடியாக, மே தினத்துக்கு வித்திட்ட 1886-ஆம் ஆண்டுப் போராட்டமும் வானளாவிய கட்டடங்களும் வரும். இன்று இவற்றையெல்லாம் சற்று ஓரமாக வைத்துவிட்டு, சாக்கடையிலிருந்து பேச்சைத் தொடங்க அனுமதி கேட்கிறேன். முகம் சுளிக்க வேண்டாம். அந்த நகரம் ஏன் அங்கே எழுந்தது, எழுந்த பிறகு எப்படித் தன்னைக் காப்பாற்றிக்கொண்டது, அதற்கான விலையை யார் தலையில் கட்டியது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை அதன் தண்ணீரில்தான் கிடக்கிறது என்பது என் கருத்து.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். மிச்சிகன் ஏரியில் வந்து விழும் சிகாகோ ஆறு நீளமும் வேகமும் இல்லாத சோம்பேறி ஆறு. ஏரிக்கரையிலிருந்து மேற்கே சில மைல் போனால், கண்ணுக்குத் தெரியாத அளவுக்குத் தாழ்ந்த மேடு ஒன்று இருக்கிறது. அதற்குக் கிழக்கே விழும் மழைத்துளி ஏரிகள் வழியாக அட்லாண்டிக் கடலுக்குப் போகும். மேற்கே விழும் துளி டெஸ் பிளைன்ஸ், இல்லினாய், மிசிசிப்பி என்று ஆறு மாறி ஆறு மாறி மெக்சிகோ வளைகுடாவுக்குப் போகும். ஒரு கண்டத்தின் தண்ணீரையே இரண்டாகப் பிரிக்கும் வரப்பு இவ்வளவு தாழ்வாக இருந்ததால், மழைக்காலத்தில் அங்கே தேங்கும் சேற்று நீரில் படகைத் தள்ளிக்கொண்டும், கோடையில் தோளில் சுமந்துகொண்டும் பழங்குடி மக்கள் காலங்காலமாகக் கடந்து வந்தார்கள். 1673-இல் அவர்கள் காட்டிய வழியில் அங்கே வந்த பிரெஞ்சுக்காரர்களான ஜோலியேயும் மார்க்கெட் பாதிரியாரும் அந்த இடத்தின் அருமையை உடனே கண்டுகொண்டார்கள்; சிறு கால்வாய் ஒன்றை வெட்டினால் இரண்டு நீர்வழிகளும் ஒன்றாகிவிடும் என்று ஜோலியே அப்போதே சொன்னார். ஊருக்குப் பெயர் கொடுத்ததோ ஆற்றங்கரையில் மண்டிக் கிடந்த ஒரு காட்டுப் பூண்டு. மயாமி-இல்லினாய் மக்கள் அதற்கு வழங்கிய பெயர்தான் பிரெஞ்சு நாவில் புரண்டு சிகாகோ ஆயிற்று.

அந்த ஆற்றுமுகத்தில் நிலையாக வீடு கட்டி வாழ்ந்த முதல் வெளியூர்க்காரர் ஒரு கறுப்பினத்தவர் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ழான் பாப்டிஸ்ட் புவான் து சாபிள் என்பது அவர் பெயர். மனைவி கித்திஹாவா, பொட்டாவட்டோமி இனப் பெண். 1800-இல் து சாபிள் தம் சொத்தை விற்றபோது எழுதிய பத்திரத்தைப் படித்தால், ஏதோ காட்டோரக் குடிசை என்ற நம் கற்பனை கலைந்துவிடும். நாற்பது அடி நீள வீடு, ரொட்டி சுடும் கூடம், பால் பண்ணை, இறைச்சிக்குப் புகைபோடும் அறை, குதிரை இழுக்கும் மாவு ஆலை, கோழிக் கொட்டகை, போதாததற்குக் கண்ணாடிக் கதவுகள் வைத்த வால்நட் மர அலமாரி வேறு! இவ்வளவு இருந்தும், அந்த வீட்டைப் பின்னால் வாங்கிய ஜான் கின்ஸி என்ற வெள்ளை வணிகரைத்தான் நகரின் மூத்த குடியாக நெடுங்காலம் கொண்டாடினார்கள். து சாபிளை நிறுவனராக அரசு முறைப்படி ஏற்றுக்கொண்டது 1968-இல்தான்.

அதன் பிறகு நடந்தவை வேகமாக நடந்தன. 1795-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் ஆற்றுமுகத்தில் ஆறு மைல் சதுர நிலம் அமெரிக்க அரசின் கைக்குப் போயிற்று. 1803-இல் டியர்பார்ன் கோட்டை எழுந்தது. 1812-இல் கோட்டையைக் காலி செய்து புறப்பட்டவர்களைப் பொட்டாவட்டோமி வீரர்கள் தாக்கினார்கள், கோட்டை எரிந்தது, நான்கு ஆண்டுகளில் மறுபடி எழுந்தது. 1833 ஆகஸ்டில் ஏறத்தாழ 350 பேர் வாழ்ந்த அந்த இடம் ஊராகப் பதிவாயிற்று. அடுத்த மாதமே கையெழுத்தான ஒப்பந்தம் பொட்டாவட்டோமி மக்களிடமும் அவர்களுடைய கூட்டாளிகளிடமும் எஞ்சியிருந்த ஏறக்குறைய 50 லட்சம் ஏக்கரை வாங்கிக்கொண்டு அவர்களை மிசிசிப்பிக்கு அப்பால் போகச் சொன்னது. 1835-இல், புறப்படுமுன், நூற்றுக்கணக்கான பொட்டாவட்டோமி ஆண்கள் வண்ணம் பூசிக்கொண்டு அந்தப் புது ஊரின் தெருக்களில் தங்கள் போர் நடனத்தைக் கடைசியாக ஆடிவிட்டுப் போனார்கள். குடியேறிகள் அதை ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள்.

நகரத்தின் தெருக்களுக்கு முதன்முதலில் வரைபடம் போட்டவர்கள் கால்வாய் ஆணையர்கள் என்பது தற்செயல் அல்ல. 1830-இல் மனைகளாகப் பிரித்து விற்று, அந்தப் பணத்தில் ஜோலியே சொன்ன கால்வாயை வெட்டுவது அவர்கள் திட்டம். பெரும்பாலும் ஐரிஷ் கூலிகள் வெட்டிய 96 மைல் கால்வாய் 1848-இல் திறந்தது. அதே ஆண்டில் தானிய வணிகச் சந்தையும் வந்தது, முதல் ரயிலும் ஓடியது. 1850-இல் 30,000 பேர். இருபதே ஆண்டுகளில் 3 லட்சம் பேர்.

ஆனால் இந்த மூன்று லட்சம் பேரும் நின்றது சேற்றில். தரை ஏரி மட்டத்துக்குச் சில அடிகளே மேலே இருந்ததால் மழைநீர் வடிய வழியில்லை. தெருவில் வண்டிகள் அச்சு வரை புதைந்தன. 1854-ஆம் ஆண்டுக் காலரா 1,400-க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோயிற்று. அப்போது பாஸ்டனிலிருந்து அழைத்து வரப்பட்ட எல்லிஸ் செஸ்பரோ என்ற பொறியாளர் ஒரு விசித்திரமான விடை சொன்னார். பூமிக்குள் சாக்கடை பதிக்கச் சரிவு போதாது; ஆகவே குழாய்களைத் தெருவின் மேலேயே பதிப்போம், அவற்றை மூடும் அளவுக்கு மண்ணைக் கொட்டித் தெருவை உயர்த்துவோம், பிறகு கட்டடங்களைத் தெருவுக்குச் சமமாகத் தூக்குவோம் என்றார். கேட்பதற்குப் பைத்தியக்காரத்தனமாகப் பட்டாலும் நகரம் அதையே செய்தது.

1860-இல் லேக் தெருவில் நடந்ததை மனக்கண்ணில் பாருங்கள். 320 அடி நீளத்துக்குத் தொடர்ந்து நிற்கும் கல், செங்கல் கட்டடங்கள். எடை 35,000 டன் என்று கணக்கிட்டார்கள். அடித்தளத்துக்குக் கீழே 6,000 திருகு ஜாக்கிகள், அவற்றைச் சுற்றி 600 ஆட்கள். சைகை கிடைத்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் தத்தம் ஜாக்கியை ஒரே அளவு திருகுவார்கள். ஐந்து நாளில் முழு வரிசையும் 4 அடி 8 அங்குலம் உயர்ந்தது. கடைகளில் வியாபாரம் நிற்கவில்லை. அடுத்த ஆண்டு ட்ரெமான்ட் என்ற பெரிய ஓட்டலை விருந்தினர்கள் உள்ளே தங்கியிருக்கும்போதே தூக்கினார்கள். மர வீட்டுக்காரர்கள் சிலர் இவ்வளவு சிரமம் எதற்கென்று வீட்டையே உருளைகளின் மேல் ஏற்றி வேறு தெருவுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். எல்லாக் கட்டடமும் ஒரே நாளில் உயராததால், நடைபாதையில் போகிறவர் பத்தடிக்கு ஒருமுறை படி ஏறி இறங்க வேண்டியிருந்தது.

சாக்கடை அமைந்தது, சரி. அது போய் விழுந்த இடம் எது? சிகாகோ ஆறு. ஆறு போய் விழுந்தது ஏரியில். ஊர் குடித்ததும் அதே ஏரித் தண்ணீரைத்தான். அந்நாட்களில் குழாயைத் திறந்தால் சிறு மீன்கள் வந்து விழும் என்பார்கள். மீனாவது கண்ணுக்குத் தெரிந்தது. செஸ்பரோ இரண்டாவது விடையாக, ஏரியின் அடியில் இரண்டு மைலுக்குச் சுரங்கம் தோண்டி, கரையிலிருந்து அவ்வளவு தொலைவில் நல்ல தண்ணீரை எடுக்க ஏற்பாடு செய்தார். 1867-இல் அது பயனுக்கு வந்தது. நகரம் வளர வளர அழுக்கும் இரண்டு மைலைத் தாண்டிப் போயிற்று.

இதற்கிடையில்தான் 1871 அக்டோபர் 8 இரவில் மூண்ட பெருந்தீ. மழையற்ற கோடை, மர வீடுகள், மரத்திலேயே போட்ட நடைபாதைகள். நீரேற்று நிலையத்தின் கூரை எரிந்து விழுந்து பம்புகள் நின்ற பிறகு அணைக்கத் தண்ணீரும் இல்லை. ஏறத்தாழ 300 பேர் மாண்டார்கள். ஒரு லட்சம் பேர் வீடிழந்தார்கள். திருமதி ஓலியரியின் பசு விளக்கை உதைத்ததுதான் காரணம் என்ற கதையை நம்பாதீர்கள். அது பத்திரிகையாளர் கட்டிய கதை. 1997-இல் நகர மன்றமே அந்த அம்மாளையும் பசுவையும் குற்றமற்றவர்கள் என்று தீர்மானம் போட்டது. எரிந்த நகரத்தின் இடிபாடுகளை ஏரியோரத்தில் கொட்டினார்கள். அது புதிய தரையாயிற்று. அந்தத் தரைமேல் எழுந்த கலைக்கூடக் கட்டடத்தில்தான் 1893-இல் உலக சமயங்களின் மாநாடு கூடியது. சென்னையில் அளசிங்கப் பெருமாளும் நண்பர்களும் வீடு வீடாக ஏறிச் சேர்த்த பணத்தில் கப்பலேறிய விவேகானந்தர் நின்று பேசியது, எரிந்துபோன சிகாகோவின் செங்கல்மீது.

இனி ஆற்றுக்கு வருவோம். 1885-இல் பெய்த பெருமழையில் அழுக்கு ஏரிக்குள் போய் 90,000 பேர் காலராவில் இறந்தார்கள் என்று எழுதுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அப்படி ஒன்று நடக்கவேயில்லை. ஆனால் 1891-இல் மட்டும் ஏறக்குறைய 2,000 பேர் டைஃபாய்டில் இறந்தது உண்மை. அச்சத்துக்கு அதுவே போதும். ஆகவே மூன்றாவது விடையாக ஆற்றையே திருப்பத் துணிந்தார்கள். அந்தத் தாழ்ந்த மேட்டை ஆழமாக வெட்டி 28 மைலுக்குப் புதுக் கால்வாய் தோண்டினால், ஏரித் தண்ணீர் ஆற்றுக்குள் புகுந்து அழுக்கை மிசிசிப்பி பக்கம் தள்ளிக்கொண்டு போகும். கீழே இருக்கும் செயின்ட் லூயிஸ் நகரம் நீதிமன்றத் தடை வாங்குமுன் முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில், 1900 ஜனவரி 2 காலை, விழா எதுவும் இல்லாமல், உறைந்து கிடந்த கடைசி மண் கரையை இயந்திரத்தால் உடைத்தார்கள். இரண்டு வாரம் கழித்து கால்வாயின் கடைசியில் இருந்த லாக்போர்ட் மதகு திறந்த அன்றே, செயின்ட் லூயிஸ் அடங்கிய மிசூரி மாநிலம் வழக்குப் போட்டது. வழக்குக்காகக் கால்வாயில் பீப்பாய் பீப்பாயாகப் பாக்டீரியாவைக் கொட்டி, அது செயின்ட் லூயிஸ் வரை உயிரோடு போகிறதா என்று சோதித்தார்கள். 1906-இல் உச்ச நீதிமன்றம் மிசூரியின் வாதம் நிரூபணமாகவில்லை என்று தள்ளியது. மிசூரி ஊர்களும் அதே ஆற்றில்தானே சாக்கடையை விடுகின்றன என்ற இடித்துரையும் தீர்ப்பில் இருந்தது. சிகாகோவில் டைஃபாய்டு இறங்கியது. 1912 முதல் தண்ணீரில் குளோரின் கலக்கத் தொடங்கியதும் அதற்குக் கைகொடுத்தது.

வெட்டிய வரப்பின் வழியே எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒன்று வர முடியும் என்பது பின்னால்தான் உறைத்தது. 1970-களில் தெற்கு மாநிலங்களின் மீன்குட்டைகளில் பாசியைத் தின்பதற்காக ஆசியாவிலிருந்து கொண்டுவந்த வெள்ளிக் கெண்டை வெள்ளத்தில் தப்பி, மிசிசிப்பியில் பெருகி, இல்லினாய் ஆற்றில் ஏறி வந்தது. படகின் மோட்டார் சத்தம் கேட்டால் கூட்டங்கூட்டமாகத் தண்ணீருக்கு மேலே துள்ளி ஆளின்மேல் மோதும் மீன் அது. ஏரிக்குள் புகுந்தால் அங்கிருக்கும் மீன்வளம் என்ன ஆகுமோ என்ற பயத்தில், ரோமியோவில் என்ற ஊருக்கு அருகே அந்தக் கால்வாயின் அடியில் மின்கம்பிகளைப் பதித்து, 2002 முதல் தண்ணீருக்குள் இரவும் பகலும் மின்சாரம் பாய்ச்சிக்கொண்டிருக்கிறார்கள்.